டாக்டர், நர்ஸ் போடும் கையுறையில் ஓட்டை விழுந்தால் எப்படித் தெரியும்? பஞ்சர் கடை முறை முதல் பச்சை உறை வரை

சைக்கிள் டியூபில் காற்று இறங்கினால் பஞ்சர் கடைக்காரர் என்ன செய்வார்? காற்றடித்து, தண்ணீர் தொட்டியில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பார். திருப்பனந்தாள் கடைவீதியிலும் அதுதான், கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலும் அதுதான். ஆபரேஷன் தியேட்டரில் போடும் ரப்பர் கையுறைக்கும் நம்ம ஊர் மருத்துவமனைகளில் பல வருஷமாக நடந்த சோதனை கிட்டத்தட்ட இதேதான்.

ஆனால் டியூபில் ஓட்டை விழுந்தால் வண்டியே சொல்லிவிடும். கையுறையில் ஓட்டை விழுந்தால் அதைப் போட்டிருப்பவருக்கே தெரியாது. கையில் ரத்தம் ஒட்டியிருப்பதைப் பார்த்த பிறகுதான் தெரியும். சில சமயம் அப்போதும் தெரியாது.

ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆபரேஷன் முடிந்து கழற்றிய 898 ஜோடி கையுறைகளைச் சேகரித்து, தண்ணீர் ஊற்றிச் சோதித்தார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வின்படி, 90 நிமிஷத்துக்குள் கழற்றியவற்றில் 15.4 சதவீதத்தில் நுண்ணிய ஓட்டை இருந்தது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருந்தவற்றில் இது 23.7 சதவீதம். அதாவது கிட்டத்தட்ட நாலுக்கு ஒன்று. வசதியான நாட்டில், தரமான கையுறையில் வந்த கணக்கு இது.

அப்படியென்றால் ஓட்டையை எப்படித்தான் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்தால் அடுத்து என்ன செய்வது?

கையுறை யாரைக் காப்பாற்ற வந்தது?

நோயாளிக்குக் கிருமி போகாமல் இருக்கத்தான் டாக்டர் கையுறை போடுகிறார் என்று நினைக்கிறோம். ஆனால் ரப்பர் கையுறை ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்ததே ஒரு நர்ஸின் கையைக் காப்பாற்றத்தான்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தார். அவருடைய தியேட்டரில் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸ் வேலை பார்த்தார். கிருமி கொல்வதற்காகக் கையைப் பாதரசக் கரைசலில் நனைத்து நனைத்து அவருக்குத் தோல் புண்ணாகிவிட்டது. 1889-90 வாக்கில் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை செய்து வாங்கிக் கொடுத்தார் ஹால்ஸ்டெட். (1890-ல் இருவருக்கும் கல்யாணமும் ஆனது.) கையுறை போட்டால் நோயாளிக்குத் தொற்று குறைகிறது என்ற விஷயம் அதற்குச் சில வருஷம் கழித்துத்தான் கணக்குப் போட்டுத் தெரிந்தது.

தமிழ்நாட்டில் கையுறை பற்றிய பயமும் பேச்சும் தீவிரமானது 1986-க்குப் பிறகு. இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. இருப்பதை அந்த வருஷம் கண்டறிந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன். அந்த ஆய்வுக்காக ரத்த மாதிரிகளைச் சேகரித்தவர் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பன். கையுறையோ வேறு பாதுகாப்புச் சாதனமோ இல்லாமல்தான் அவர் ரத்தம் எடுத்தார். எடுத்த மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது. இன்று ஒரு லேப் டெக்னீஷியனிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்.

அடுத்த வருஷமே, அதாவது 1987-ல், எந்த நோயாளியின் ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே நினைத்துக் கையாள வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் விதி வகுத்தது. உலகம் முழுக்கக் கையுறைக்குத் தேவை எகிறியது. அதில் பெரிதாக வளர்ந்தது மலேசியாவின் கையுறைத் தொழில். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போய் அந்த ஊர் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் ஏராளம் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

புதுக் கையுறையிலேயே ஓட்டை இருக்குமா?

இருக்கலாம். கேட்கவே கொஞ்சம் திகிலாக இருந்தாலும் அதுதான் உண்மை.

தொழிற்சாலையில் நடக்கும் முக்கியமான சோதனைக்குத் தண்ணீர்க் கசிவுச் சோதனை என்று பெயர். கையுறையின் வாயை ஒரு குழாயில் மாட்டி, உள்ளே ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுவார்கள். கையுறை பூசணிக்காய் மாதிரி உப்பித் தொங்கும். உடனே ஒரு முறை, இரண்டு நிமிஷம் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள். எங்காவது ஒரு சொட்டு கசிந்தால் அது ஃபெயில். பஞ்சர் கடையில் காற்று வெளியே வருகிறதா என்று பார்க்கிறார்கள், இங்கே தண்ணீர் வெளியே வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், தண்ணீர் ஊற்றிச் சோதித்த கையுறையை அப்புறம் விற்க முடியாது. அதனால் ஒரு லாட்டில் சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அவற்றில் எத்தனை வரை ஃபெயில் ஆகலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அமெரிக்காவில் சர்ஜிக்கல் கையுறைக்கு இந்த அளவு 2.5 ஆக இருந்தது. 2008 டிசம்பரிலிருந்து 1.5 ஆகக் குறைத்தார்கள். எளிமையாகச் சொன்னால், நூறு கையுறையில் ஒன்றிரண்டு கசியும் தரத்தில் இருந்தாலும் அந்த லாட் பாஸ் ஆகிவிடலாம். ஊசி போடவும் நோயாளியைத் தொட்டுப் பார்க்கவும் பயன்படுகிற சாதாரணக் கையுறைக்கு விதி இன்னும் தளர்வு. அதற்கு அங்கே 2.5.

ஆக, 'பாஸ்' என்ற முத்திரை அந்த லாட்டைப் பற்றிச் சொல்கிறது. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு கையுறையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இந்த வித்தியாசம் புரிந்தால்தான் மற்றது எல்லாம் புரியும்.

தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளையும் சர்ஜிக்கல் பொருட்களையும் மொத்தமாக வாங்கித் தருவது 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். வாங்கிய பொருளை நல்லபடியாக வைத்திருப்பது அந்தந்த மருத்துவமனையின் பொறுப்பு. ரப்பருக்கு வெயிலும் சூடும் ஆகாது. ஜன்னலோரத்தில் அடுக்கி வைத்த பெட்டி ஒரு சித்திரை வெயிலைத் தாண்டினால், உள்ளே இருக்கும் ரப்பர் விறைத்து, இழுத்த உடனே கிழியும் நிலைக்கு வந்துவிடும். எண்ணெயும் ஆகாது. தேங்காய் எண்ணெய் தடவிய கையோடோ வேசலின் போட்ட கையோடோ லேட்டக்ஸ் கையுறை மாட்டினால் ரப்பர் வலுவிழக்கும். நீள நகம், கல் வைத்த மோதிரம் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எந்த விரல் அதிகம் மாட்டுகிறது?

இடது கை ஆள்காட்டி விரல். பல நாட்டு ஆய்வுகளிலும் இந்தப் பதில் திரும்பத் திரும்ப வருகிறது.

காரணம் ரொம்ப எளிது. பெரும்பாலான டாக்டர்கள் வலது கைக்காரர்கள். வலது கையில் நீடில் ஹோல்டர் இருக்கும். சதையை ஒதுக்கிப் பிடிப்பதும், ஊசி எங்கே வெளியே வருகிறது என்று தடவிப் பார்ப்பதும் இடது கை விரல். ஊசி முனை முதலில் சந்திப்பது அதைத்தான். எலும்பு ஆபரேஷனில் இன்னும் மோசம். உடைந்த எலும்பின் விளிம்பு, கம்பி, டிரில் எல்லாமே கையுறைக்கு எதிரி.

ஓட்டை எவ்வளவு சின்னது என்பதும் முக்கியம். 20 மைக்ரான் அகலத்தில் ஓர் ஓட்டை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டரை ஐம்பது பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் அளவு சுமார் 42 நானோமீட்டர். அந்த ஓட்டை வைரஸைவிடக் கிட்டத்தட்ட 500 மடங்கு பெரிய வாசல். வரப்பில் நண்டு வளை போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, காலையில் போய்ப் பார்த்தால் வயல் தண்ணீர் வடிந்திருக்கும். அது மாதிரிதான்.

அதற்காக, ஓட்டை விழுந்தாலே நோய் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. காயமில்லாத தோல் நல்ல தடுப்பு. விரலில் வெட்டு, சிராய்ப்பு, நகக்கண்ணில் தோல் உரிந்த இடம் இருந்தால்தான் பிரச்சினை. வீட்டில் அரிவாள்மனையில் காய் நறுக்கிவிட்டு டியூட்டிக்கு வரும் சிஸ்டருக்கு விரலில் ஒரு சின்ன வெட்டு இருப்பது அதிசயமா என்ன?

ஊசியே குத்தி ரத்தம் உள்ளே போனால் கணக்கு வேறு. அந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தால், தொற்றும் வாய்ப்பு 1000-ல் சுமார் 3. ஹெபடைட்டிஸ் சி என்றால் அதிகபட்சம் 100-ல் சுமார் 2. ஹெபடைட்டிஸ் பி என்றால், தடுப்பூசி போடாத பணியாளருக்கு 100-ல் 6 முதல் 30 வரை. எல்லோரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு. ஆனால் இந்தக் கணக்கில் ரொம்பப் பயப்பட வேண்டியது ஹெபடைட்டிஸ் பி-க்குத்தான். அதற்குத்தான் தடுப்பூசியும் இருக்கிறது.

ஊசி குத்தினாலும் கையுறை வீண் இல்லை. ரப்பர் வழியாக நுழையும்போது ஊசியின் மேல் ஒட்டியிருக்கும் ரத்தத்தில் ஒரு பெரும் பங்கு வழித்தெடுக்கப்படுகிறது என்று சோதனைக்கூட ஆய்வுகள் காட்டுகின்றன.

கழுவிக் காயவைத்த காலம்

ஒரு காலத்தில் பல மருத்துவமனைகளில் சர்ஜிக்கல் கையுறையைத் தூக்கிப் போட மாட்டார்கள். ஆபரேஷன் முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவுவார்கள். வாயைச் சுருட்டிப் பிடித்துக் காற்றை அடைத்து, விரல்கள் உப்பியதும் தண்ணீரில் முக்கிப் பார்ப்பார்கள். குமிழி வந்தால் தூரப் போடுவார்கள். வராவிட்டால் காயவைத்து, பவுடர் போட்டு, ஜோடி சேர்த்து, ஆட்டோகிளேவில் வைத்து எடுத்து மறுபடி தியேட்டருக்கு அனுப்புவார்கள். நர்ஸிங் படிப்பில் இது ஒரு பாடமாகவே இருந்தது.

அதில் ஒரு நல்ல விஷயம், ஒவ்வொரு கையுறையையும் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்தார். ஆனால் ஒவ்வொரு முறை ஆட்டோகிளேவ் சூட்டில் போகும்போதும் ரப்பர் தளர்ந்துகொண்டே வரும். கண்ணுக்குக் குமிழி காட்டாத ஓட்டைகள் தப்பிவிடும். அதனால்தான் இப்போது ஒரு முறை போட்டுக் கழற்றுவதுதான் விதி. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி போட்ட கையுறை சிவப்புப் பையில் போக வேண்டும்.

விதி இருந்தும் மீறல் நடக்கிறது. 2020 ஆகஸ்டில், கொரோனா உச்சத்தில், நவி மும்பையில் போலீஸ் ஒரு கிடங்கில் சோதனை போட்டபோது, பயன்படுத்திய கையுறைகளைக் கழுவிக் காயவைத்து விற்பனைக்குத் தயார் செய்துவைத்திருந்தது தெரியவந்தது. அகப்பட்டது டன் கணக்கில். இந்த மாதிரி சரக்குக்கு எந்தத் தண்ணீர்ச் சோதனையும் கிடையாது.

பேட்டை பக்கம் மின்கம்பத்தில் ஏறும் ஈ.பி. லைன்மேன்கள் போடும் தடித்த ரப்பர் கையுறைக்கு மட்டும் அந்தப் பழைய காற்றுச் சோதனை இன்றும் பொருத்தமானது. மாட்டுவதற்கு முன் வாயிலிருந்து சுருட்டிக் காற்றை அடைத்து, எங்காவது உஸ் என்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். ஆனால் கிருமி நீக்கம் செய்து உறையில் வரும் சர்ஜிக்கல் கையுறையை அப்படி ஊதிப் பார்க்க முடியாது. பார்த்தால் சுத்தம் கெட்டுவிடும்.

பச்சை உறை என்ன செய்கிறது?

ஆபரேஷன் நடக்கும்போதே ஓட்டையைக் காட்டிக்கொடுக்க இன்று இருக்கும் வழிகளில் ரொம்ப எளிதானது இது. டாக்டர் முதலில் அடர் பச்சை நிறத்தில் ஒரு கையுறை போடுவார். அதற்கு மேல் வெளிர் நிறத்தில் இன்னொன்று. மேலே உள்ளதில் ஊசி குத்தி ஓட்டை விழுந்தால், ரத்தமோ மற்ற ஈரமோ இரண்டு உறைகளுக்கும் நடுவில் புகுந்து பரவும். ஈரம் பட்ட இடத்தில் மேல் உறை ஒட்டிக்கொள்ள, உள்ளேயிருக்கும் பச்சை திட்டாகத் தெரியும். ஈர வேட்டிக்குள் கரை தெரிகிற மாதிரி. திட்டு தெரிந்த உடனே மேல் கையுறையை மாற்றிவிடலாம், உள் உறை அப்படியே இருக்கும்.

ஈரம் இல்லாத இடத்தில் விழுந்த ஓட்டையை இது சீக்கிரம் காட்டாது. உள் உறையில் மட்டும் விழுந்த ஓட்டையையும் காட்டாது. ஆனாலும் வெறும் கண்ணால் பார்ப்பதைவிட ரொம்ப மேல்.

பச்சை உறை வாங்க வசதியில்லாத இடத்தில் சாதாரணக் கையுறையையே இரண்டு ஜோடி போட்டாலும் பாதுகாப்பு கிடைக்கும். கண்டுபிடிப்பது மட்டும்தான் கஷ்டம். 34 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2014-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறது. ஒரு ஜோடிக்குப் பதில் இரண்டு ஜோடி போட்டால் உள் கையுறையில் ஓட்டை விழுவது 71 சதவீதம் குறைகிறது. தோலில் ரத்தக் கறை படுவது 65 சதவீதம் குறைகிறது. இந்த அளவு பலன் தரும் எளிய வேலை மருத்துவத்தில் அதிகம் இல்லை.

அப்புறம் ஏன் எல்லோரும் போடுவதில்லை? 'விரலில் உணர்ச்சி குறைகிறது, கை இறுகுகிறது' என்பது டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். சில நாள் பழகினால் சரியாகிவிடும் என்று பழகியவர்கள் சொல்கிறார்கள். இன்னொரு காரணம் வெளியே யாரும் சொல்லாதது: கையுறைச் செலவு இரட்டிப்பாகும்.

மின்சாரத்தை வைத்து ஓட்டை கண்டுபிடிக்கும் கருவிகளும் வந்தன. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, ரத்தம் கடத்தும். நோயாளிக்கும் டாக்டருக்கும் இடையில் மிக மிகச் சிறிய மின்னோட்டத்தை வைத்தால், ஓட்டை வழியாக ஈரம் இணைந்த அடுத்த நொடியே கருவி பீப் அடிக்கும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் நீண்ட ஆபரேஷனில் லேட்டக்ஸே ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் கடத்த ஆரம்பித்துவிடும். ஓட்டை இல்லாமலேயே பீப் அடிக்கும். சும்மா சும்மா அலறும் அலாரத்தை யார்தான் அணைக்காமல் வைத்திருப்பார்கள்? இந்தக் கருவிகள் பரவாததற்கு இது ஒரு காரணம்.

கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய இன்னொரு வழி, கடிகாரத்தைப் பார்ப்பது. ஓட்டை தெரிகிறதோ இல்லையோ, 90 நிமிஷத்துக்கு ஒரு முறை கையுறையை மாற்றிவிடுங்கள் என்பதுதான் அந்த ஜெர்மன் ஆய்வாளர்களின் பரிந்துரை. முனை மழுங்கிய தையல் ஊசியைப் பயன்படுத்தினால் கையுறையில் ஓட்டை விழுவது 54 சதவீதம் குறைகிறது என்று இன்னொரு காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது.

இதில் நோயாளிக்கும் பங்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 4,147 ஆபரேஷன்களைக் கவனித்தார்கள். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுக்காத நோயாளிகளில், கையுறை கிழிந்திருந்தால் தையல் போட்ட இடத்தில் தொற்று ஏற்படும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு கூடியது.

சின்ன ஊர் மருத்துவமனையில் யாருக்கு ஆபத்து?

இதுவரை பார்த்தது எல்லாம் பெரிய தியேட்டர் கதை. திருப்பனந்தாள் மாதிரி ஓர் ஒன்றியத்தில் நிலைமை வேறு. பெரிய ஆபரேஷன் என்றால் கும்பகோணம் அரசு மருத்துவமனைக்கோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கோ போய்விடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடப்பது பிரசவம், காயத்துக்குத் தையல், ஊசி, ரத்தம் எடுப்பது, டிரெசிங். இங்கே பச்சை உறையும் கிடையாது, பீப் அடிக்கும் கருவியும் கிடையாது.

பிரசவத்தில் ரத்தமும் பனிக்குட நீரும் முழங்கை வரைக்கும் வரும். தையல் போடும்போது வெளிச்சம் குறைவு, இடம் குறுகல், ஊசி முனையை விரலால் தடவித்தான் தேட வேண்டியிருக்கும். ராத்திரி டியூட்டியில் ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இருந்தால், கையுறை மாட்டும்போதே கிழிந்தாலும் 'இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தோன்றும். அங்கேதான் இரண்டு ஜோடிக்கு உண்மையான மதிப்பு.

இன்னும் பின்னால் நிற்பவர் தூய்மைப் பணியாளர். எந்தக் கையுறை ஆய்விலும் அவர் பெயர் அதிகம் வராது. ஊசி வெள்ளை நிறக் குத்துப்படாத டப்பாவில் போக வேண்டும். அதைத் தவறிச் சிவப்புப் பையிலோ பஞ்சோடு சேர்த்தோ யாராவது போட்டுவிட்டால், பையைத் தூக்குகிறவர் கையில்தான் குத்தும். மெல்லிய சர்ஜிக்கல் கையுறையைக் கொடுத்து அவரைக் குப்பை அள்ளச் சொல்வது பாதுகாப்பே இல்லை. அவருக்கு வேண்டியது முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறை. அதில் ஓட்டை பார்க்கக் காற்று அடைத்துத் தண்ணீரில் முக்கும் பழைய பஞ்சர் கடை முறையே போதும். வாரம் ஒரு தடவை பார்த்தால் ஐந்து நிமிஷ வேலை.

ஓட்டை தெரிந்துவிட்டது, ஊசியும் குத்திவிட்டது. இப்போது என்ன?

கையுறையைக் கழற்றுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. முள் குத்தினால் உடனே வாய்க்கு விரல் போவது நம்ம பழக்கம், இங்கே அது தப்பு. ஸ்பிரிட், பிளீச்சிங் கரைசல், அயோடின் எதுவும் ஊற்ற வேண்டாம்.

அடுத்து, டியூட்டி டாக்டரிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பலர் பயந்தோ வெட்கப்பட்டோ இதை விட்டுவிடுகிறார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அதிகபட்சம் 72 மணி நேரம். மொத்தம் 28 நாள் சாப்பிட வேண்டும். திருப்பனந்தாளிலிருந்து பஸ் பிடித்தாலும் கும்பகோணம் 2 மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரம்தான். தாமதம் பெரும்பாலும் ரோட்டில் ஆவதில்லை, 'சொல்லலாமா வேண்டாமா' என்ற யோசனையில் ஆகிறது.

இது யாரும் செய்யும் உதவி இல்லை, சட்டப்படியான உரிமை. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் (2017), ஆபத்து உள்ள பணியாளர்களுக்குப் பாதுகாப்புச் சாதனம், அதற்கான பயிற்சி, குத்திய பிறகான தடுப்பு மாத்திரை மூன்றையும் மருத்துவமனை கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முழுதாகப் போட்டு எதிர்ப்புச் சக்தி வந்தவர்களுக்குக் கவலை ரொம்பக் குறைவு. போடாதவர் என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும், 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்கான தடுப்பூசியும் உண்டு. ஹெபடைட்டிஸ் சி-க்கு இப்படி முன்தடுப்பு எதுவும் இல்லை. தொற்று வந்ததா என்று பரிசோதனையில் பார்த்து, வந்திருந்தால் சிகிச்சை எடுக்க வேண்டும். பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும்.

72 மணி நேரம் தாண்டிவிட்டது என்றால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையால் பலன் இருக்காது. அப்போதும் போய்ச் சொல்லிப் பதிவு செய்துகொள்வதுதான் சரி. அன்றைக்கே ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதம் கழித்து ஒவ்வொன்று எடுத்துப் பார்ப்பார்கள்.